தாந்தேயும் இடைக்கால இத்தாலியக் காப்பியங்களும்: படிக்கத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இத்தாலியின் இடைக்காலக் காப்பியங்களுக்குள் நுழைய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் தாந்தேயின் ‘கொம்மெடியா’வைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். ஆங்கிலம் வழியாக நாம் ‘டிவைன் காமெடி’ என்று கேள்விப்பட்ட நூல் இதுவே. எடுத்தவர்களில் நிறையப் பேர் நரகத்தைக் கடந்ததும் மூடி வைத்துவிடுகிறார்கள். அப்படி நிற்காமல் கடைசி அடிவரை போய்ச் சேர்வதற்கான வழிகளையே இங்கே சொல்கிறோம். பிற காப்பியங்களைப் பற்றிக் கடைசியில் பார்க்கலாம்.

எந்த நூலில் தொடங்குவது?

கொம்மெடியாவில். அதற்கு முன்னால் ஒரு வாரம் ஒதுக்கி, தாந்தே இளமையில் எழுதிய ‘வீதா நுவோவா’வைப் படித்துவிடுங்கள். 31 பாடல்களும் அவற்றைச் சுற்றிய உரைநடையும் கொண்ட சிறு நூல் அது. தாந்தே காதலித்த பெயாத்ரிச்சே யார், 1290இல் அவள் இறந்தது தாந்தேயை என்ன செய்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைப் படிக்காமல் போனால், இரண்டாம் காண்டத்தின் 30ஆம் காதையில் அவள் வந்து நின்று தாந்தேயைக் கடிந்துகொள்ளும்போது இந்த அம்மாளுக்கு ஏன் இத்தனை கோபம் என்று விழிக்க வேண்டியிருக்கும்.

நூலின் அமைப்பு என்ன?

இறந்தோர் உலகங்கள் வழியாகத் தாந்தே தானே பயணம் போவதுதான் கதை. ரோமானியக் கவிஞர் வர்ஜில் முதலில் வழிகாட்டுகிறார், பிறகு பெயாத்ரிச்சே. மூன்று காண்டங்கள்: நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் (மோட்சத்துக்கு முன் ஆன்மாக்கள் பாவம் கழுவும் இடம்), மோட்சம். தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் சொற்களையே இங்கே எடுத்துக்கொள்கிறோம். காண்டத்தின் உட்பிரிவை இத்தாலியர் ‘கான்தோ’ என்பார்கள். நாம் காதை என்போம். நரகத்தில் 34 காதை (முதலாவது நூல் முழுமைக்கும் முன்னுரை போன்றது), மற்ற இரண்டிலும் 33, மொத்தம் 100. அடிகள் முறையே 4,720, 4,755, 4,758, கூட்டினால் 14,233. மிகச் சிறிய காதைக்கு 115 அடி, மிகப் பெரியதற்கு 160. ஆகவே ஒரு காதை என்பது ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடிய அளவு. மூன்று காண்டங்களும் ‘விண்மீன்கள்’ என்ற ஒரே சொல்லில் முடிகின்றன.

இது காப்பியம்தானா? போரும் இல்லை, படையும் இல்லையே?

ஹோமர், வர்ஜில் வழியில் பார்த்தால் இது விதிவிலக்குதான். தாந்தேயே தன் நூலைக் ‘கொமெதீயா’, அதாவது இன்பியல், என்றுதான் இரண்டு இடங்களில் அழைக்கிறார் (நரகம் 16:128, 21:2; முதல் எண் காதை, அடுத்தது அடி). வர்ஜிலின் லத்தீன் காப்பியமான ஏனியட்டை ‘உயர்ந்த துன்பியல்’ என்று வர்ஜில் வாயாலேயே சொல்ல வைக்கிறார் (நரகம் 20:113). மோட்சத்தின் 25ஆம் காதைக்கு வந்ததும் அதே நூல் ‘புனிதக் கவிதை’ ஆகிவிடுகிறது. ‘தெய்வீக’ என்ற அடைமொழி அடுத்த தலைமுறை எழுத்தாளர் பொக்காச்சோவின் பாராட்டிலிருந்து வந்தது. நூலின் தலைப்பில் அது ஏறியது 1555ஆம் ஆண்டு வெனிஸ் பதிப்பில். வழிகாட்டியாக வர்ஜிலைத் தேர்ந்தெடுத்ததன் மூலம் தாந்தே தன்னை எந்த வரிசையில் நிறுத்திக்கொள்கிறார் என்பது தெளிவு. வகை பற்றிய விவாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு அந்த வரிசையில் வைத்தே படிக்கலாம்.

எந்த ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்குவது?

ஒரு பக்கம் இத்தாலிய மூலம், எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என்று அச்சிட்ட பதிப்பாக வாங்குங்கள். இத்தாலியம் ஓர் எழுத்தும் தெரியாவிட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். நான்கைந்து மாதத்தில் கண் தானாகவே இடப்பக்கம் தாவத் தொடங்கும்.

ராபர்ட் ஹாலண்டர், ஜீன் ஹாலண்டர் இருவரின் பதிப்பில் (2000–2007) குறிப்புகள் விரிவானவை. பழைய உரையாசிரியர்கள் எங்கெங்கே மாறுபட்டார்கள் என்பதையும் சொல்கின்றன. டர்லிங்–மார்ட்டினெஸ் பதிப்பு (1996–2011) உரைநடை மொழிபெயர்ப்பு. மூலத்தின் ஒவ்வொரு சொல்லும் எங்கே போயிற்று என்று பார்க்க இதுவே வசதி. சிங்கிள்டன் பதிப்பு (1970–75) மூலம் ஒரு நூலாகவும் உரை ஒரு நூலாகவும் ஆறு புத்தகங்கள்; நூலகத்தில் கிடைத்தால் எடுங்கள். மாண்டல்பாம் மொழிபெயர்ப்பு வாய்விட்டுப் படிக்க இனிமையானது. செலவில்லாமல் வேண்டுமென்றால் லாங்ஃபெல்லோவின் 1867ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு இணையத்தில் இருக்கிறது. நேர்மையானது, ஆனால் ஆங்கிலமே பழையது.

மூல இயைபை ஆங்கிலத்திலும் அப்படியே கொண்டுவர முயன்ற மொழிபெயர்ப்புகளை முதல் வாசிப்புக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். டாரத்தி சேயர்ஸின் மொழிபெயர்ப்பு அந்த வகை. இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவதால் இயைபு எளிதில் அமைகிறது. ஆங்கிலத்தில் அந்த வளம் குறைவு. ஒரே ஒலிக்கு மூன்று சொல் தேடும்போது சொல்வரிசை முறுக்கிக்கொள்கிறது, மூலத்தில் இல்லாத சொல்லும் நுழைகிறது. புதிதாகப் படிப்பவர் அந்த முறுக்கலைத் தாந்தேயின் கடினம் என்று எண்ணிவிடுவார்.

முன்னதாக வேறு என்ன படித்திருக்க வேண்டும்?

எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தொடங்குவோம் என்று நினைத்தால் தொடங்கவே மாட்டீர்கள். இவை போதும்: ஏனியட்டின் 2, 4, 6ஆம் பகுதிகள் (குறிப்பாக ஆறாவது, ஏனியஸ் பாதாளத்துக்கு இறங்கும் பகுதி). விவிலியத்தில் ஆதியாகமம், யாத்திராகமம், ஒரு நற்செய்தி, வெளிப்படுத்தின விசேஷம். ஓவிட்டின் புராணக்கதை நூலான ‘மெட்டமார்ஃபஸிஸ்’ பக்கத்தில் இருக்கட்டும். பெயர் வரும்போது மட்டும் புரட்டுங்கள்.

ஒரு காதையை எப்படிப் படிப்பது?

முதலில் பதிப்பாசிரியர் தரும் கதைச்சுருக்கத்தைப் படியுங்கள். இதில் திடீர் முடிவு கெட்டுப்போகும் என்ற கவலை வேண்டாம். அது அந்த வகை நூல் அல்ல. இரண்டாவது, மொழிபெயர்ப்பை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை, குறிப்பு எதையும் பார்க்காமல், நிறுத்தாமல் படியுங்கள். சுமார் 15 நிமிடம் ஆகும். மூன்றாவது, குறிப்புகளோடு மெதுவாக. நான்காவது, இத்தாலிய மூலத்தை வாய்விட்டு, பொருள் புரிந்தாலும் புரியாவிட்டாலும். பத்து நிமிடம். கடைசியாக மொழிபெயர்ப்பை இன்னொரு முறை. இந்த ஐந்தாவது வாசிப்பை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். குறிப்புகள் கவிதையைச் சில்லுகளாக உடைத்திருக்கும். அதைத் திரும்ப ஒன்று சேர்ப்பது அந்த வாசிப்பு.

மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். வாரத்துக்கு மூன்று காதை என்றால் எட்டு மாதத்தில் நூல் முடியும். நாளுக்கு ஒன்று என்று நூறு நாளில் முடிக்கலாம்தான். ஆனால் மோட்சக் காண்டத்துக்கு அந்த வேகம் ஆகாது.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். காதை ஒன்றுக்கு ஒரு பக்கம்: எந்த இடம், என்ன நேரம், யார் பேசுகிறார், எந்த அடியிலிருந்து எந்த அடிவரை, முக்கிய உவமை எது. உவமையைக் கட்டாயம் எழுதுங்கள். தாந்தேயின் உவமைகள் வயலிலிருந்தும் பட்டறையிலிருந்தும் வருபவை. கோடை மாலையில் குன்றில் ஓய்வெடுக்கும் குடியானவன் பள்ளத்தாக்கில் மின்மினிகளைப் பார்ப்பது நரகம் 26இல். தரை முழுக்கப் பனிப்பூச்சைக் கண்டு பனி பெய்துவிட்டதென்று தொடையில் அடித்துக்கொள்ளும் இடையன் நரகம் 24இல். நூறு பக்கம் நிரம்பியதும் அந்த உவமைகளை மட்டும் தொடர்ச்சியாகப் படித்துப் பாருங்கள். 1300இன் இத்தாலி முழுவதும் கண்முன் வரும்.

அடிக்குறிப்புகள் மூச்சை முட்டுகின்றன. என்ன செய்வது?

முதல் வாசிப்பில் மூன்று வகைக் குறிப்புகளை மட்டும் பாருங்கள்: ஆள் யார், அடி என்ன சொல்கிறது, இடம் எது. ‘இந்த மிருகம் எதைக் குறிக்கிறது’ வகைக் குறிப்புகளைத் தாண்டிச் செல்லுங்கள். முதல் காதையில் வரும் சிறுத்தை, சிங்கம், பெண்ஓநாய் மூன்றும் எவற்றின் உருவகம் என்பதில் ஏழு நூற்றாண்டுகளாக உரையாசிரியர்கள் ஒன்றுபடவில்லை. ‘காடு என்றால் பாவம், சிங்கம் என்றால் அகந்தை’ என்று ஒரு சாவிப்பட்டியல் தயாரித்துக்கொண்டு படிக்கிறவர் கவிதையைப் பார்க்காமல் பட்டியலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வழி தெரியாமல் தடுமாறினால் இரண்டு காதைகளை நினைவில் வையுங்கள். நரகம் 11இல் வர்ஜில் ஓரிடத்தில் நின்று நரகத்தின் முழு அமைப்பையும் விளக்குகிறார்: ஏன் ஒன்பது வட்டம், ஏன் வஞ்சகம் வன்முறையைவிடக் கீழே. உத்தரிக்கிற ஸ்தலம் 17இல் அதேபோல் மலையின் ஏழு படிவரிசைகளுக்கான காரணத்தைச் சொல்கிறார்: எல்லாமே அன்பு கோணியதன் வகைகள். இந்த இரண்டையும் மும்முறை படித்தவருக்கு வரைபடம்கூடத் தேவைப்படாது.

கதைக்குள் நடக்கும் தாந்தேயும் எழுதும் தாந்தேயும் ஒருவர்தானா?

இல்லை. இதைப் பிரிக்காவிட்டால் நரகக் காண்டம் தலைகீழாகப் புரியும். ஐந்தாம் காதையில் ஃபிரான்செஸ்கா தன் காதல் கதையைச் சொல்கிறாள். கேட்கும் பயணி மயங்கி விழுகிறான். வாசகரும் உருகிப்போகிறார். ஆனால் எழுதிய கவிஞர் அவளை நரகத்தில்தான் வைத்திருக்கிறார். அவள் பேச்சில் தன் பொறுப்பென்று ஒரு சொல்கூட இல்லை. பழி காதல்மேல், காதலனோடு சேர்ந்து படித்த புத்தகத்தின்மேல் (5:137). இருபதாம் காதையில் அழுகிற பயணியை வர்ஜில் கடுமையாகக் கண்டிக்கிறார். பயணி கற்றுக்கொண்டே போகிறான். அவன் உணர்ச்சி ஒவ்வொரு காதையிலும் சரியானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 26ஆம் காதையில் வரும் கிரேக்க வீரன் யுலிசஸையும் இப்படி இரண்டு தடவை எடைபோட வேண்டும். அவன் பேச்சின் கம்பீரம் உண்மை. அவன் தன் தோழர்களைச் சாவுக்கு அழைத்துப் போனதும் உண்மை.

ஃபிளாரன்ஸ் அரசியல் எவ்வளவு தெரிய வேண்டும்?

ஒரு பக்கம் அளவுக்கு. குவெல்ஃப் கட்சி பாப்பரசரைச் சார்ந்தது. கிபெல்லீன் கட்சி பேரரசரைச் சார்ந்தது. 1260இல் மோன்தாபெர்த்தியில் கிபெல்லீன்கள் வென்றார்கள் (அந்தத் தலைவர் ஃபரினாத்தா நரகம் 10இல் வருகிறார்). 1266இல் பெனெவென்தோவில் அவர்கள் பக்கம் வீழ்ந்தது (அங்கே மடிந்த மன்ஃப்ரெத் உத்தரிக்கிற ஸ்தலம் 3இல் வருகிறார்). பிறகு ஃபிளாரன்ஸில் வென்ற குவெல்ஃப்களே கறுப்பர், வெள்ளையர் என்று பிளந்தார்கள். தாந்தே வெள்ளையர் பக்கம். 1289இல் கம்பால்தினோ போரில் அவரே களத்தில் இருந்தார். 1300 ஜூன் 15 முதல் இரண்டு மாதம் நகராட்சித் தலைவர்களில் ஒருவராகப் பதவி வகித்தார். 1301 நவம்பரில் கறுப்பர் கை ஓங்கியது. 1302 ஜனவரி 27இல் அவருக்கு எதிரான தீர்ப்பு, மார்ச் 10இல் பிடிபட்டால் உயிரோடு எரிக்க ஆணை. அவர் ஊர் திரும்பவே இல்லை. 1321இல் ரவென்னாவில் இறந்தார்.

கதை நடப்பது 1300ஆம் ஆண்டு ஈஸ்டர் வாரத்தில். எழுதியதோ நாடு கடத்தப்பட்ட பிறகு. எனவே ஆவிகள் ‘வருங்காலம்’ சொல்லும் இடங்களிலெல்லாம் கவிஞருக்கு அது நடந்து முடிந்த கதை. நரகம் 19இல் மூன்றாம் நிக்கோலா பாப்பரசர் தலைகீழாகப் புதைந்தபடி, வந்தவனை எட்டாம் பொனிஃபாஸ் என்று நினைத்து ‘அதற்குள் வந்துவிட்டாயா?’ என்கிறார். பொனிஃபாஸ் இறந்தது 1303இல். உயிரோடிருக்கும் பாப்பரசருக்கு நரகத்தில் இடம் ஒதுக்க இந்த ஒரு தந்திரம் போதுமாக இருந்தது. வெளிநாட்டு வாழ்வின் கசப்பை நேராகச் சொல்வது மோட்சம் 17. அடுத்தவர் ரொட்டியின் உப்பும் அடுத்தவர் படிகளின் ஏற்றமும் எப்படி இருக்கும் என்று மூதாதை கச்சாகுயீதா சொல்வதை நாடு விட்டு வாழ்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

‘கங்கையில் இரவு எழுந்தது’ என்று ஓரிடத்தில் வருகிறது. அங்கே கங்கை எப்படி வந்தது?

தாந்தேயின் உலகப்படத்தில் மக்கள் வாழும் நிலம் பூமியின் பாதிச் சுற்று மட்டுமே. அதன் கிழக்கு எல்லை கங்கை, மேற்கு எல்லை ஸ்பெயின், நடுவில் எருசலேம். எருசலேமுக்கு நேர் மறுபக்கம், கடல் நடுவே, உத்தரிக்கிற ஸ்தலத்தின் மலை. நான்கு இடங்களுக்கும் இடையே 90 பாகை, அதாவது ஆறு ஆறு மணி நேரம். எருசலேமில் மாலை 6 என்றால் கங்கையில் நள்ளிரவு, மலையில் காலை 6, ஸ்பெயினில் நண்பகல். இரண்டாம் காண்டத்தின் 2ஆம் காதை இப்படித்தான் விடிகிறது: எருசலேமில் சூரியன் மறைய, இரவு கங்கையிலிருந்து புறப்பட, இங்கே வானம் வெளுக்கிறது. 27ஆம் காதையில் அதுவே மறுபடி: எருசலேமில் விடியல், கங்கையில் சுடும் நண்பகல், ஸ்பெயினின் எப்ரோ ஆற்றில் நள்ளிரவு, ஆகவே மலையில் அந்தி. ஒரு வட்டம் வரைந்து நான்கு ஊர்களையும் நான்கு முனையில் எழுதி, நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இந்தக் காண்டத்தில் நேரம் சொல்லும் பகுதிகள் எல்லாம் அதோடு திறந்துவிடும். மலை தெற்குப் பாதியில் இருப்பதால் கிழக்கு நோக்கி நிற்பவருக்குச் சூரியன் இடப்பக்கம் போகும்; 4ஆம் காதையில் தாந்தே திகைப்பதும் வர்ஜில் விளக்குவதும் இதைத்தான்.

இந்தக் கணக்கு அலங்காரம் அல்ல. நரகத்தின் வழி நெடுக வர்ஜில் நேரத்தை நிலவையும் விண்மீன்களையும் வைத்தே சொல்கிறார். பூமியின் மையத்தைக் கடந்த பிறகு 34ஆம் காதையில்தான் சூரியனைச் சொல்கிறார். மலையிலோ சூரியன் மறைந்ததும் யாரும் ஓரடிகூட மேலே ஏற முடியாது (காதை 7). அதனால் மூன்று இரவுகள் தங்க நேர்கிறது. மூன்று கனவுகள் வருகின்றன: 9, 19, 27ஆம் காதைகள். நரகத்தில் விடிவதும் இல்லை, காத்திருப்பதற்கும் ஒன்றும் இல்லை. மலையில் நேரம் ஓடுகிறது. அதனால் நம்பிக்கையும் இருக்கிறது.

நரகக் காண்டத்தை மட்டும் படித்தால் போதாதா?

போதாது. நரகத்தில் இருப்பவர்கள் மாற முடியாதவர்கள். ஒவ்வொருவரும் தன் செயலிலேயே உறைந்துபோனவர். இரண்டாம் காண்டத்தில்தான் மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள், பாடுகிறார்கள், மன்னிப்புக் கேட்கிறார்கள், விடைபெறுகிறார்கள். நண்பன் கசெல்லா கரையில் பாடுவதும் (2), வர்ஜிலின் கவிதையால் கவிஞனான ஸ்தாசியுஸ் முன்னால் இருப்பவர் வர்ஜில்தான் என்று அறியாமல் அவரைப் புகழ்வதும் (21), வர்ஜில் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுவதும் (30) இந்தக் காண்டத்தில். எங்கள் கணிப்பில் மூன்றிலும் நெருக்கமானது இதுவே. காலமோ பொறுமையோ குறைவென்றால்கூட நரகத்தில் 1–5, 10, 13, 15, 26, 32–34 என்று எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறிவிடுங்கள்.

மோட்சக் காண்டத்தில் இரண்டாம் காதையிலேயே நின்றுவிட்டேன்.

அங்கே நிற்பவர்கள் நிறைய. சிறு படகில் தொடர்ந்து வருகிறவர்களே, கரைக்குத் திரும்பிவிடுங்கள் என்று தாந்தேயே அந்தக் காதையின் தொடக்கத்தில் எச்சரிக்கிறார். பிறகு நிலவில் கறை ஏன் என்று நீண்ட விவாதம். நடுவே மூன்று கண்ணாடியும் ஒரு விளக்கும் வைத்துச் செய்து பார்க்கும் சோதனைகூட உண்டு. முதல் வாசிப்பில் விவாதத்தை வேகமாகக் கடந்து 3ஆம் காதையில் நிலவில் தோன்றும் ஆன்மாவான பிக்கார்தாவிடம் போய்விடுங்கள். மேலே இன்னும் உயர்ந்த இடம் வேண்டாமா என்று கேட்டதற்கு அவள் தரும் பதிலில் இந்தக் காண்டத்தின் கருத்து முழுவதும் அடங்கியிருக்கிறது. 4ஆம் காதை தவிர்க்க முடியாதது: ஆன்மாக்கள் உண்மையில் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், தாந்தேக்குப் புரிவதற்காகவே கோள்வாரியாகத் தோன்றுகிறார்கள் என்ற விளக்கம் அங்கே வருகிறது. பிறகு 6, 10–12, 15–17, 27, 30–33. விடுபட்டவற்றை அடுத்த சுற்றில் படிக்கலாம்.

பிற சமயத்தவரைத் தாந்தே எப்படி நடத்துகிறார்?

மறைக்காமல் சொல்ல வேண்டும். நரகம் 28இல் முகமது நபியைப் பிளவு உண்டாக்கியவராக வைத்துக் கொடூரமாகச் சித்திரிக்கிறார். அக்காலக் கிறித்தவ ஐரோப்பாவின் பகைமை அது. படிப்பவர் அதை அப்படியே அறிந்து படிக்க வேண்டும். இதே நூலில் சுல்தான் சலாதீனும் அறிஞர்கள் இப்னு சீனா, இப்னு ருஷ்து இருவரும் நரகத்தின் முதல் வட்டமான, தண்டனையற்ற லிம்போவில் மதிப்போடு இருக்கிறார்கள் (நரகம் 4). மோட்சம் 19இல் நம்மை நேராகத் தொடும் ஒரு கேள்வி எழுகிறது. சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான். கிறிஸ்துவைப் பற்றிச் சொல்ல அங்கே யாரும் இல்லை. அவன் எண்ணமும் செயலும் நல்லவை. அவனைத் தண்டிக்கும் நீதி எங்கே? தாந்தே இதைத் தன் நெடுநாள் பசி என்கிறார். நீதிமான்களின் ஆன்மாக்கள் சேர்ந்து உருவான கழுகு அங்கே தரும் பதில் எல்லாருக்கும் நிறைவளிக்காது. ஆனால் கேள்வியை இவ்வளவு கூர்மையாக அந்த இடத்தில் வைத்தது பெரிய விஷயம்.

இத்தாலியம் கற்க வேண்டுமா? தமிழ் வாய்க்கு எது சுலபம், எது கடினம்?

படிப்பதற்குக் கட்டாயமில்லை, ஆராய்ச்சிக்குக் கட்டாயம். இன்றைய இத்தாலியத்தின் அடிப்படை இலக்கணம், குறிப்பாக இலக்கிய இறந்தகால வினை வடிவங்களும் சுட்டுப்பெயர்களும் தெரிந்தால் எதிர்ப்பக்க மொழிபெயர்ப்பின் துணையோடு மூலத்தைத் தொடரலாம்.

ஒலிப்பில் நமக்குச் சில வசதிகள். இத்தாலிய ‘த’கரம் பல்லில் ஒலிப்பது, நம் த போலவே, ஆங்கிலப் பழக்கத்தில் ட என்று சொல்லாதீர்கள். ஞகரம் நம்மிடம் உண்டு. இரட்டித்த மெய்யும் நமக்கு இயல்பு: ஃபாதோ என்றால் விதி, ஃபத்தோ என்றால் செயல்.

தவறுவது வேறு இடத்தில். தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை வல்லினம் தானாக மென்மையாகிவிடும். அந்தப் பழக்கத்தில் வாழ்க்கை என்று பொருள்படும் ‘வீதா’வை, வீதி என்ற சொல்லில் வரும் தகரத்தைப் போல மென்மையாக ஒலித்துவிடுவோம். அது ‘பத்து’ என்பதில் வரும் தகரத்தின் வன்மையோடு, ஆனால் இரட்டிக்காமல், வர வேண்டும். இன்னொன்று அழுத்தம்: பெரும்பாலான சொற்களில் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும். தமிழில் அப்படி வலுவான அழுத்தம் இல்லாததால் சமமாக ஒலித்துவிடுவோம். யாப்பு முழுவதும் அழுத்தத்தில் நிற்பதால் அப்படிப் படித்தால் தாளம் காணாமல் போகும்.

யாப்பை எப்படி எண்ணுவது?

அடிக்குப் பதினோரு அசை. நம் நேரசை, நிரையசை கணக்கை இங்கே மறந்துவிடுங்கள். உயிரொலி ஒன்றுக்கு ஓர் அசை. முதல் அடி: நெல் | மெத் | ஸோ | தெல் | கம் | மின் | தி | நொ | ஸ்த்ரா | வீ | தா. பதினொன்று. அடுத்த அடி ‘மி ரித்ரொவாய் பெர் ஊனா செல்வா ஒஸ்கூரா’. எண்ணினால் பன்னிரண்டு வருகிறதே என்று தோன்றும். ‘செல்வா’வின் கடைசி உயிரும் ‘ஒஸ்கூரா’வின் முதல் உயிரும் அடுத்தடுத்து வரும்போது இரண்டும் ஒலித்தாலும் ஓர் அசையாகவே எண்ணப்படும். புதியவர் கணக்குத் தப்புவது பெரும்பாலும் இங்கேதான். மாறாத விதி, பத்தாம் அசையில் அழுத்தம். அடியின் நடுவில் நான்காவதிலோ ஆறாவதிலோ இன்னோர் அழுத்தம் இருக்கும்.

அடிகள் மூன்று மூன்றாகச் சேரும். முதலடியும் மூன்றாமடியும் இயைபு. நடுவடியின் ஒலி அடுத்த மூவடியின் முதலுக்கும் மூன்றுக்கும் போகும். அந்தாதியில் போல ஒன்று அடுத்ததைப் பற்றிக்கொண்டே போகிறது. காதை முடிவில் ஒற்றையடி ஒன்று முடிச்சுப் போடும். இதனால் ஒரு மூவடியைப் பின்னால் யாராவது நீக்கினாலோ செருகினாலோ சங்கிலி அறுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு பதிப்புகளில் மூலச் சொல் வேறுபடுகிறது. அச்சுப்பிழையா?

பெரும்பாலும் இல்லை. தாந்தேயின் கையெழுத்தில் ஓர் அடிகூடக் கிடைக்கவில்லை. சுமார் 800 ஏடுகள் இருக்கின்றன, எல்லாம் படி எடுத்தவை. இன்று பெரும்பாலோர் பின்பற்றுவது 1966–67இல் பெட்ரோக்கி வெளியிட்ட பதிப்பு. அவர் பொக்காச்சோ படி எடுப்பதற்கு முந்தைய ஏடுகளை அடிப்படையாகக் கொண்டார். நரகம் 1:48இல் சிங்கத்தைக் கண்டு காற்று ‘நடுங்கியது’ என்பது அவர் பாடம். வேறு பதிப்புகளில் ‘அஞ்சியது’. உங்கள் பதிப்பு யாருடைய மூலத்தைப் பின்பற்றுகிறது என்பதை முதல் பக்கத்திலேயே பார்த்து எழுதி வையுங்கள்.

உரைகளும் ஒலிப்பதிவும் எங்கே கிடைக்கும்?

டார்ட்மத் தாந்தே திட்டத்தின் இணையத்தளத்தில் 1322இல் மகன் யாகோப்போ எழுதிய உரை தொடங்கி 70க்கும் மேற்பட்ட உரைகள் இருக்கின்றன; காண்டம், காதை, அடி எண்ணைக் கொடுத்தால் அந்த அடிக்கு எழுதப்பட்டவை மட்டும் வரும். பல லத்தீனிலும் இத்தாலியத்திலும் இருக்கும். பிரின்ஸ்டன் தாந்தே திட்டத்தில் மூலத்தின் ஒலிப்பதிவு உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ‘டிஜிட்டல் தாந்தே’யில் காதைவாரியான ஆங்கில விளக்கம். யேல் பல்கலைக்கழகத்தின் 24 வகுப்புகள் காணொளியாக இருக்கின்றன. எல்லாம் இலவசம். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திறக்காதீர்கள்; ஓர் உரை, ஓர் ஒலிப்பதிவு போதும்.

கட்டுரை எழுதத் தொடங்கும்போது நல்ல தலைப்பு எப்படிக் கிடைக்கும்?

ஒரே எண்ணுள்ள காதைகளை மூன்று காண்டத்திலும் சேர்த்துப் படிப்பது பழைய, பயனுள்ள வழி. மூன்றின் 6ஆம் காதைகளும் அரசியல்: முதலில் ஃபிளாரன்ஸ், பிறகு இத்தாலி, பிறகு பேரரசு. எல்லா எண்ணுக்கும் இப்படிப் பொருந்தும் என்று இழுக்காதீர்கள். இன்னொரு வழி, ஓர் உவமை வகையை (பறவைகள், கப்பல்கள்) நூல் முழுவதும் தொடர்வது. மேற்கோளுக்குப் பக்க எண் வேண்டாம். காண்டம், காதை, அடி எண் கொடுத்தால் எந்தப் பதிப்பிலும் தேடிக்கொள்ளலாம்.

வீரமாமுனிவருக்கும் இந்த மரபுக்கும் தொடர்பு உண்டா?

அவர் 1680இல் பிறந்த காஸ்திக்ளியோனே, வர்ஜிலின் ஊரான மாந்துவாவுக்கு அருகில்தான். மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாடல் கொண்ட தேம்பாவணியை எழுதியவர் இத்தாலியப் பள்ளிப்படிப்போடு வந்தவர். இரண்டையும் ஒப்பிடுவது நல்ல ஆய்வுக்களம். மூன்று காண்டம் என்ற எண்ணிக்கை ஒற்றுமையில் தொடங்காமல் தனித்தனிப் பகுதிகளை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

தாந்தேக்குப் பிறகு எதை எடுப்பது?

பொக்காச்சோவின் ‘தெசெயீதா’. 12 பகுதிகள், ஏனியட்டைப் போலப் போரைப் பாடத் தொடங்கி, ஒரே பெண்ணை விரும்பும் இரு நண்பர்களின் கதையாக வளர்கிறது. தன் நூலுக்குத் தானே உரைக்குறிப்பும் எழுதினார். ஆங்கிலக் கவிஞர் சாசர் இதிலிருந்துதான் தன் ‘நைட்ஸ் டேல்’ கதையை எடுத்தார். இதன் யாப்பு எண்ணடி: ஆறு அடிகளில் இரு இயைபு மாறிமாறி வர, கடைசி இரண்டடி தனி இயைபு. சதுக்கங்களில் பாடகர்கள் பேரரசர் ஷார்லமேனின் வீரர்களைப் பற்றிய கதைகளைப் பாடியதும் இந்த யாப்பில்தான். அந்தப் பாட்டுமரபிலிருந்து வந்தவை மூன்று பெருநூல்கள்: புல்ச்சியின் ‘மொர்காந்தே’ (1483இல் 28 காதையாக முழுமை), 1494இல் ஆசிரியர் இறந்ததால் நின்றுபோன பொயார்தோவின் ‘ஓர்லாந்தோ இன்னமொராத்தோ’, அதைத் தொடர்ந்த அரியோஸ்தோவின் ‘ஓர்லாந்தோ ஃபுரியோஸோ’. காலத்தால் இவை மறுமலர்ச்சியைச் சேர்ந்தவை; கதைகள் இடைக்காலத்தவை.

பொயார்தோவைத் தாண்டிவிட்டு நேராக அரியோஸ்தோவுக்குப் போனால் அஞ்செலிக்காவின் மோதிரமும், குடித்தவருக்குக் காதலையோ வெறுப்பையோ தரும் நீர்களும் எங்கிருந்து வந்தன என்று புரியாது. குறைந்தது பொயார்தோவின் முதல் பகுதிச் சுருக்கத்தையாவது படியுங்கள். அரியோஸ்தோவின் 1532ஆம் ஆண்டுப் பதிப்பு 46 காதை, 38,736 அடி. தாந்தேயின் இரண்டே முக்கால் மடங்கு. கதை உச்சத்தில் இருக்கும்போது அறுத்துவிட்டு வேறொன்றுக்குத் தாவி, பல காதைகள் கழித்துத் திரும்புவார். நோட்டில் ஓர்லாந்தோ, அஞ்செலிக்கா, ருஜ்ஜேரோ–பிரதமாந்தே, அஸ்தோல்ஃபோ என்று ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, கதை அறுபடும் இடத்தின் காதை எண்ணையும் பாடல் எண்ணையும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஓர்லாந்தோ பித்தாவது 23இல், அவன் இழந்த அறிவைத் தேடி அஸ்தோல்ஃபோ நிலவுக்குப் போவது 34இல், அது அவனுக்குத் திரும்பக் கிடைப்பது 39இல். குறித்து வைத்திராதவர் இந்த மூன்றையும் இணைக்கப் பின்னோக்கிப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கும்.